துண்டுக்குள் இருந்த இன்னொரு கை

என் அத்தாவின் வலது கையை, இறந்துபோன ஒருவர் சில வருடங்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இப்படி எழுதினால் என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். வெட்டுப்பட்ட நரம்பு எப்படி வளர்கிறது, வளர்ந்து வந்த நரம்பை மூளை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறது என்பதுதான் எனக்குச் சோறு போடும் கேள்வி. அத்தாவின் கையில் நடந்ததற்கு என்னிடம் விளக்கம் இருக்கிறது. விளக்கம் கிடைத்துவிட்டால் பயம் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் போகவில்லை.

அத்தா, அதாவது என் அப்பா, மாட்டுத் தரகர். கம்பத்தில் வீடு. அவர் எனக்கு அத்தா, நான் அவருக்கு ஆத்தா. ஒரு நெடிலுக்காக ரெண்டு பேரும் சண்டை போடுங்கள் என்று அம்மா கேலி செய்வார். நான் கோபக்காரி, அவர் என்னைவிடக் கோபக்காரர். ஆனால் சந்தையில் அவர் முகத்தைப் பார்த்தால் அப்போதுதான் தூங்கி எழுந்த மனிதர் மாதிரி இருக்கும். அந்தத் தொழிலுக்கு அப்படித்தான் இருக்க வேண்டும்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. வாங்குகிறவர் பக்கம் ஒரு தரகர், விற்கிறவர் பக்கம் ஒரு தரகர். இருவரும் கையைக் கோர்த்துக்கொண்டு மேலே துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வது. ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சம்மதம் என்றால் திருப்பி ஒரு அமுக்கு. சம்மதமில்லை என்றால் கையை உருவிக்கொள்ள வேண்டும். கை உள்ளே இருக்கும்வரை பேச்சு முடியவில்லை என்று அர்த்தம். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் எதுவும் தெரியாது.

அத்தாவுக்கு எதிர்க்கையாகப் பெரும்பாலும் இருந்தவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். ரத்த உறவெல்லாம் இல்லை. அவர்கள் வீட்டில் மாரியம்மன் படம், எங்கள் வீட்டில் மக்கா படம். எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. அத்தா அவரை மாப்ள என்பார், அவர் அத்தாவை மச்சான் என்பார். சந்தையில் எதிரெதிர்க் கட்சி, சந்தை முடிந்ததும் ஒரே டீக்கடை பெஞ்சு. என்னைப் பார்த்தால் "மருமகளே, எலியெல்லாம் அறுக்குறியாமே, கோழி அறுக்க மாட்டேங்குறேன்னு ஒங்க அம்மா சொல்றாக" என்று வம்பிழுப்பார். நான் கல்லூரியில் விலங்கியல் எடுத்திருந்தேன். அவர் சொன்னதும் உண்மைதான்.

தொண்ணூறுகளின் கடைசியில், நான் மதுரையில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது, இருவரும் மலைக்கு மேலே ஒரு காளைச் சோடியைப் பார்த்துவிட்டு ஜீப்பில் திரும்பினார்கள். கம்பம்மெட்டு இறக்கம். ஜீப்பில் வழக்கம்போல ஆட்களை அடைத்து ஏற்றியிருந்தார்கள். பின்னால் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அத்தா விற்கிறவர் பக்கம், மாமா வாங்குகிறவர் பக்கம். கூட வருகிறவர்களுக்கு விலை தெரிந்துவிடக் கூடாது என்று ஜீப்பிலும் துண்டு. மாமா இரண்டு விரலைப் பிடித்தார். அத்தா மூன்றாவது விரலுக்காகக் கையை எடுக்காமல் காத்திருந்தார். அப்போது ஒரு வளைவில் ஜீப் உருண்டது.

மாமா அங்கேயே போய்விட்டார். அத்தாவின் வலது மணிக்கட்டைக் கண்ணாடி அறுத்திருந்தது. மதுரையில் ஆபரேஷன் நடந்தது. நரம்பைச் சேர்த்துத் தைத்திருக்கிறோம், அது வளர்ந்து விரல் நுனிக்கு வர மாதக்கணக்கில் ஆகும், வந்தாலும் பழையபடி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அம்மா அதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். நான் இரண்டாவது பாதியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மாமா இறந்ததை அத்தாவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஊரில் தகனமெல்லாம் முடிந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எப்படியோ சொல்லிவிட்டேன். அவர் அழவில்லை. கட்டுப் போட்டுத் தலையணை மேல் வைத்திருந்த கையைப் பார்த்தார்.

"யாரு, மாப்ளையா? இங்கன கையப் பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கான்" என்றார்.

மயக்க மருந்தின் வேலை என்று நர்ஸ் சொன்னார். மருந்து தெளிந்த பிறகும் அவர் அதையே சொன்னார். விரல்களில் ஊசியால் குத்தினால் தெரியவில்லை. சூடான டம்ளர் பட்டுத் தோல் கொப்பளித்தும் தெரியவில்லை. ஆனால் ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து யாரோ இறுக்கிப் பிடித்திருப்பது மட்டும் தெரிந்தது. "மூணாவது விரல் வரணும். அதுக்காகத்தான் நான் கைய எடுக்கல" என்றார். கண்ணில் பைத்தியத்தின் அடையாளம் எதுவும் இல்லை. கணக்கு முடியாத தரகரின் சலிப்புதான் இருந்தது.

நான் ஆராய்ச்சிக்கு நரம்பை எடுத்துக்கொண்டது இதனால்தான். வேறு காரணம் சொல்லி நேர்முகத்தேர்வில் தேர்வானேன்.

எங்கள் பக்கம் நரம்பு என்ற சொல்லில் ஒரு வில்லங்கம் உண்டு. ரத்தக்குழாயும் நரம்புதான், தசைநாணும் நரம்புதான். அதுகூடப் பரவாயில்லை. தேனி பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம், லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்கிறவர்களின் போஸ்டரில் நரம்புத் தளர்ச்சி என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். கல்யாணமாகாத பெண் நரம்பு ஆராய்ச்சிக்குப் போகிறாள் என்றால் சும்மா இருப்பார்களா? "எலி ஆராய்ச்சின்னு சொல்லு, போதும்" என்று அம்மா தடை போட்டார். அப்படியும் விஷயம் கசிந்து, தூரத்து உறவில் ஒரு பெரிய மனிதர் வீடு தேடி வந்து, குரலைத் தாழ்த்தி, "மாத்திரை ஏதாச்சும் இருக்காம்மா?" என்று கேட்டார். எலிக்குத்தான் இருக்கிறது என்றேன். பிறகு அவர் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

வெளியூரில் இருந்த அந்த ஆய்வுக்கூடத்தில் எலியின் காலுக்குப் போகும் நரம்பை வெட்டி, மறுபடி தைத்து, அது வளர்வதைப் பார்ப்பது என் வேலை. நரம்பு வெட்டுப்பட்டால் விரல் பக்கத்துப் பாதி செத்துவிடும். அதன் உறை மட்டும் காலிக் குழாயாகக் கிடக்கும். மேல் பாதியிலிருந்து மெல்லிய இழைகள் துளிர்த்து, இருட்டில் துழாவிக்கொண்டு அந்தக் குழாய்களுக்குள் இறங்கும். எந்த இழை எந்தக் குழாய்க்கு உரியது என்று வழி சொல்ல ஆள் கிடையாது. ஆட்காட்டி விரலுக்குப் போக வேண்டியது மோதிர விரலுக்குப் போய்விடும். துளிர்க்கும் இழைகள் யாரும் தொடாமலே தாமாகவும் செய்தி அனுப்பும். அத்தாவின் கையைப் பிடித்திருந்தது இதுதான். வெட்டுவாயில் நின்று தவித்த இழைகள் அனுப்பிய பொய்ச் செய்தியை, கடைசியாக உண்மையில் பட்ட தொடுகையின் வடிவத்தில் மூளை வாசித்துக்கொண்டிருந்தது. எழுதும்போது சுலபமாக இருக்கிறது.

ஒரு நாள் காலையில் கூண்டைத் திறந்தால், ஒரு எலி தன் உணர்ச்சியில்லாத காலின் விரலைத் தானே கடித்துத் தின்றிருந்தது. இப்படி நடப்பது உண்டு, அந்த இடத்தில் அதற்கு ஏதோ தோன்றுகிறது, என்ன தோன்றுகிறது என்று நாம் கேட்க முடியாது என்றார் என் வழிகாட்டி. அன்றைக்கு மதியமே நான் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டு, அத்தா கையை என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று கேட்டேன். "என்ன செய்வாக, மடியில வச்சுக்கிட்டு உக்காந்துருக்காக" என்றார் அம்மா.

லீவில் வரும்போதெல்லாம் அவர் மணிக்கட்டிலிருந்து விரலை நோக்கி என் விரலால் தட்டிக்கொண்டே போவேன். வளர்கிற நுனியைத் தொட்டதும் சுரீர் என்று ஷாக் அடிக்கும். "அங்கனதான்" என்பார். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். அடுத்த முறை புள்ளி கொஞ்சம் விரல் பக்கம் நகர்ந்திருக்கும். தைத்த நரம்பு உயிரோடு வந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அப்படி ஒரு ரம்ஜான் லீவில் நான் வீட்டுக்குள் நுழையும்போதே அத்தா முகத்தில் வேறொரு வெளிச்சம் இருந்தது. நோன்பு திறக்கிற நேரம். கஞ்சியைக்கூடத் தொடாமல், "மூணாவது விரலையும் பிடிச்சுட்டான் ஆத்தா" என்றார்.

நரம்பின் இழைகள் மோதிர விரல் பக்கத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் கிடையாது. செத்தவர் விலையை ஏற்றியிருக்கிறார்.

"இப்ப நான் ஒத்துக்கிட்டேன்னு திருப்பி அமுக்கணும். அமுக்க முடியல. பாவம், காத்துக்கிட்டே இருக்கான்" என்றார் அத்தா. பெருவிரல் மேட்டில் தசை இன்னும் சூம்பித்தான் கிடந்தது.

அம்மா பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை வாங்கிவந்து கையில் தடவினார். மாமாவின் சம்சாரம், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், சனிக்கிழமைதோறும் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போய் எள் விளக்குப் போட்டார். இரண்டையும் பார்த்து நான் எரிந்து விழுந்தேன். என் புத்தகங்களும் அதைவிடப் பெரிதாக எதையும் செய்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

அத்தை ஒரு நாள் குச்சனூரிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. விபூதிப் பொட்டலத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அத்தாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது.

"அண்ணே, இப்பவும் பிடிச்சிருக்காகளா?"

அத்தா தலையை ஆட்டினார்.

அத்தை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷனின் முகத்தைப் பார்ப்பது மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். பிறகு அவர், "எனக்குக் கனவுல கூட ஒரு நாள் வரல. ஒங்க கைக்கு மட்டும் வாராக. எனக்காக ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுங்கண்ணே. விழுந்தப்ப ரொம்ப வலிச்சுச்சான்னு கேளுங்க" என்றார்.

அத்தா அந்தக் கையைத் தோள்துண்டால் மூடினார்.

"விரல்ல விலைதான் கேக்க முடியும் தங்கச்சி. வேற எதுவும் கேக்க முடியாது" என்றார்.

அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அம்மா அவரை உள்ளே கூட்டிப் போனார். நான் மூளையைப் பற்றிப் படித்த எதையும் அந்த வீட்டில் அன்றைக்கு வாய் திறந்து சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண்ணிடமிருந்து எதையோ பிடுங்கியது மாதிரி ஆகியிருக்கும்.

மாதங்கள் போய், பெருவிரலில் கொஞ்சம் பிடிமானம் வந்தது. ஒரு நாள் காலையில் அத்தா சொன்னார்: "அமுக்கிட்டேன்." என்ன ஆச்சு என்றேன். "ஒண்ணும் ஆகல. விலை முடிஞ்சுருச்சு, அப்பவும் கைய விட மாட்டேங்குறான்." கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். மாமா கையை விடாதது பிடித்துப்போய்த்தான் அவர் சிரிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. முதன்முதலாக எனக்கு மாமா மேல் பொறாமையாக இருந்தது.

கைக்குத் தொடுகை திரும்பிவிட்டது என்ற நம்பிக்கையில் அவர் மறுபடி சந்தைக்குப் போனார். ஓடைப்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவரின் ஒற்றை உழவு மாடு. எதிர்க்கைக்கு ஒரு இளம் தரகர். துண்டுக்குள் மூன்று விரல் என்று அத்தாவுக்குப் பட்டது, அமுக்கிவிட்டார். துண்டை எடுத்து விலையைச் சொன்னால், அந்தத் தரகர் இரண்டு என்கிறார், அத்தா மூன்று என்கிறார். அமுக்கிய பிறகு மாற்றக் கூடாது, அதுதான் சந்தை. மாடு இரண்டுக்கே போனது. மாட்டுக்காரர் கயிற்றை எடுத்துக் கொடுக்கும்போது, "கையாலாகாத கைய வச்சுக்கிட்டு ஏன்யா எங்க வயித்துல அடிக்கிறீக? இல்ல, ரெண்டு பக்கமும் வாங்கித் தின்னீகளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். தரகருக்கு இதைவிடக் கேவலமான பேச்சு கிடையாது. அத்தா துண்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார் என்று பக்கத்தில் நின்றவர்கள் வந்து சொன்னார்கள்.

நான் ஊருக்கு வந்தபோது, துண்டு ஆணியில் தொங்கியது. அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"உள்ள ரெண்டு கை இருந்துச்சு ஆத்தா. எது உசிரோட இருக்குற கைன்னு தெரியல."

நான் இந்தத் துறையில் வாசித்ததிலும் கேட்டதிலும் இதைவிடத் தெளிவான வாக்கியம் இல்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவையாக எல்லாவற்றையும் அவரிடம் விளக்கினேன். இழைகள் வழி தவறி வேறு விரலுக்குப் போயிருக்கின்றன. மூளையில் கைக்கென்று ஒரு நிலம் உண்டு. அங்கே கொஞ்ச நாள் செய்தி வராமல் தரிசாகக் கிடந்தால், பக்கத்து நிலத்துக்காரர் சும்மா இருப்பாரா? வரப்பை நகர்த்தி உழுதுவிடுவார். இப்போது நரம்பு திரும்பி வந்திருக்கிறது, ஆனால் வரப்பெல்லாம் மாறிக் கிடக்கிறது. பழக்கினால் மூளை மறுபடி வரப்புப் போட்டுக்கொள்ளும். சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம், உங்கள் வயதுக்கு மெதுவாக. கண்ணை மூடித் தொட வேண்டும், சொல்ல வேண்டும், கண்ணைத் திறந்து சரிபார்க்க வேண்டும். தினமும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வரப்புப் போட்டா அவன் எங்கன போவான்?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. "போயிருவாக அத்தா" என்றேன்.

மூன்று நாள் அவர் கையை என்னிடம் காட்டாமல் துண்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அம்மாவிடம் கேட்டு வாங்க வேண்டிய வெந்நீரைக்கூடத் தானே போய் எடுத்துக்கொண்டார். நான் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டிய அன்று பையைத் தூக்கியபோது, என் முன்னால் வந்து கையை நீட்டினார். "அந்த மாட்டுக்காரன் மொகம் கண்ண விட்டுப் போக மாட்டேங்குது. ஆரம்பி" என்றார். நான் லீவைத் தந்தியடித்து நீட்டித்தேன்.

ஒரு அண்டாவில் நெல்லைக் கொட்டி, அதற்குள் ஏலக்காய், கொட்டைப்பாக்கு, சாவி, மொச்சை என்று போட்டுவைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுத் தேடி எடுத்து, என்னவென்று சொல்ல வேண்டும். முதல் வாரம் சாவியைக்கூட ஏலக்காய் என்றார். ஒரு நாள் அம்மா விளையாட்டாகப் பன்னீர் திராட்சை ஒன்றைப் போட்டுவிட, அத்தா அதைத் தொட்டதும் கையை உதறி எடுத்துக்கொண்டு, "யாரோட கண்ணு இது?" என்று கத்தினார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்த அண்டாவில் கேலி செய்யவில்லை.

பிறகு துண்டு. துண்டுக்குள் நான் ஒரு விரலைத் தொடுவேன், அவர் எந்த விரல் என்று சொல்வார். என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார் என்று சீக்கிரமே தெரிந்துபோனது. அது அவர் தொழில், விடுவாரா? கண்ணைக் கட்டினேன். "சந்தேகப் பிராணி" என்று திட்டினார். நான் இல்லாத மாதங்களில் அம்மா தொட்டார். அம்மா சரியான விடையைத் தானே சொல்லிக் கொடுத்துவிடுகிறார் என்று அத்தா போனில் என்னிடம் புகார் சொன்னார்.

கை தேறத் தேற, மாமா குறைந்தார். முதலில் எந்நேரமும் இருந்த பிடி, சாயங்காலம் மட்டும் என்று ஆனது. பிறகு மலையிலிருந்து சாரல் காற்று இறங்குகிற நாட்களில் மட்டும். முதலில் வந்த விரல்கள் கடைசியில் போயின. "இன்னைக்கு வந்தான், ஆனா லேசாத்தான் பிடிச்சான்" என்பார் அத்தா போனில், நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி. நான் போன் வைத்த பிறகு அதை முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக்கொள்ளவும் செய்தேன். ஆனால் ஒரு நல்ல மனிதரை எங்கள் வீட்டிலிருந்து விரல் விரலாக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு என்னை விடவில்லை. ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் துளிர் இழைகள் பச்சையாக ஒளிர்வதைப் பார்த்தால், மற்றவர்கள் அழகு என்பார்கள். இவை யாரைத் தேடுகின்றன என்றுதான் எனக்குத் தோன்றும்.

சில வருடங்களில் அவர் சந்தைக்குத் திரும்பினார். பெரிய மாடுகள் வரவில்லை, ஆட்டுக்குட்டியும் கன்றுக்குட்டியுமாக ஆரம்பித்தார். தப்பு நேரவில்லை. ஓடைப்பட்டிக்காரரே ஒரு பசுவை இவர் கைக்குக் கொண்டுவந்தார் என்று அம்மா சொன்னபோது, நான் ஹாஸ்டல் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டுச் சிரித்தேன். ஒரு மனிதரின் பெயர் திரும்பி வந்திருக்கிறது. நான் படித்த படிப்புக்கு ஒரு பலன்.

அதற்கடுத்த லீவில், ஒரு மத்தியான நேரம். சாப்பிட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தோம். அம்மா அடுப்படியில் ஏனத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். அத்தா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரொம்ப நாளா வரல ஆத்தா."

யார் என்று நான் கேட்கவில்லை.

"சாரல் அடிச்சப்பவும் வரல. போன சந்தைக்கு ஜீப்புல அந்த வளைவு வழியா வந்தேன். அங்கனயும் வரல." எழுந்து போய்த் துண்டை எடுத்து வந்தார். என் எதிரே உட்கார்ந்து, கையை நீட்டி, அதன் மேல் துண்டைப் போட்டார். "ஒரு தடவ நீ பிடி. அவன் பிடிச்ச மாதிரி."

"எனக்கு எப்படித் தெரியும் அத்தா?"

"நான் சொல்றேன். ரெண்டு விரலச் சேத்துப் பிடி. ஒன் பெருவிரல் மேல வரணும். இன்னும் இறுக்கி. பயப்படாத, அவன் மாட்டுக்கயிறு பிடிச்ச ஆளு. இன்னும்."

என் பலம் முழுவதையும் கொடுத்துப் பிடித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். என்னை அறியாமல் வேண்டிக்கொண்டேன், இவ்வளவு படித்த நான், ஒரே ஒரு தடவை இது பலிக்கட்டும், இவருக்கு என் கை தெரியாமல் போகட்டும் என்று.

அத்தாவின் விரல்கள் துண்டுக்குள் மெதுவாக அசைந்தன. என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவின.

"இல்ல" என்றார். "இது ஒன் கை. நடுவிரல்ல பேனாக் காய்ப்பு இருக்கு. நகத்த ஒட்டித் தோல் பிஞ்சிருக்கு. இன்னும் கடிக்கிற பழக்கத்த விடலையா?"

எந்தச் சோதனையிலும் இதைவிட நல்ல பதில் கிடையாது. வெட்டுப்பட்டு, செத்து, வழி தவறி, திரும்பி வந்த ஒரு நரம்பு, என் விரலில் பிய்ந்த தோலைக் கண்டுபிடித்துவிட்டது. அவர் கை முழுதாகக் குணமாகிவிட்டது. அதை அவர் முகத்தில் பார்த்தேன். உதடு கோணியது. பிறகு என் கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் அழாத மனிதர், தெருவே கேட்கிற மாதிரி, "ஏலே மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டு அழ ஆரம்பித்தார்.

அம்மா ஈரக்கையோடு ஓடி வந்தார். "என்னாச்சு, யாருக்கு என்னாச்சு?" என்று என்னைப் பிடித்து உலுக்கினார்.

"மாமா செத்துப் போயிட்டாகம்மா" என்றேன்.